மழைத் தூண்: ரெயூனியனில் மழைத் தரவை ஒளியாக்கும் கம்பம் அமைக்க ஒரு வழிகாட்டி

நான்கு நாளில் 4,936 மில்லிமீட்டர். 2007 பிப்ரவரி 24 முதல் 27 வரை, கமேத் புயலின்போது, இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் கொமெர்சோன் எரிமலைவாய் நிலையத்தில் பதிவான மழை இது. 96 மணி நேர மழைக்கு இதுவே உலக உச்சம். அதே புயலில் 72 மணி நேரக் கணக்கு 3,930 மில்லிமீட்டர். 24 மணி நேர உச்சமும் இந்தத் தீவில்தான்: 1966 ஜனவரி 7, 8 தேதிகளில் தெனீஸ் புயல் ஃபொக்-ஃபொக்கில் கொட்டிய 1,825 மில்லிமீட்டர். இந்த எண்கள் பள்ளிப் புத்தகத்தில் இருக்கின்றன, அருங்காட்சியகப் பலகையில் இருக்கின்றன. படித்த மறுநிமிடம் மறந்துபோகின்றன. மில்லிமீட்டர் என்ற அலகை யாரும் உடம்பால் உணர்வதில்லை.

5 மீட்டர் உயரக் கம்பத்தில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு ஒரு மில்லிமீட்டர் ஒளி என்று ஏற்றினால் உணரலாம். அளவுகோல் 1:1. சுருக்கமும் இல்லை, பெருக்கமும் இல்லை. கடையில் எல்.இ.டி. பட்டைச் சுருள் 5 மீட்டராகத்தான் வருகிறது. கமேத்தின் நான்கு நாள் மழை அதற்குள் சரியாக அடங்கிவிடுகிறது. அப்படியொரு தூணைச் சங்கக் கட்டடச் சுவரிலோ கோயில் மண்டபச் சுவரிலோ முதன்முறையாக அமைப்பவர்களுக்காக எழுதியது இது. சால்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவரும், பைத்தான் நிரல் கொஞ்சம் எழுதத் தெரிந்த ஒருவரும், 230 வோல்ட் வேலைக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரும் போதும்.

முதலில் எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான ஒளிப் படைப்புகள் கெடுவது இந்த இடத்தில்தான். வெப்பம், காற்று, மழை, கடல்மட்டம் எல்லாவற்றையும் ஒரே விளக்கில் காட்டப் பார்ப்பார்கள். தெருவில் போகிறவருக்குக் கண்ணில் படுவது வெறும் அலங்கார விளக்கு. பாஸ்டன் நகரத்தில் 1950 முதல் ஒரு கட்டட உச்சியில் வானிலை விளக்கு இருக்கிறது. நிலையான நீலம் என்றால் தெளிந்த வானம், மின்னும் நீலம் என்றால் மேகம், நிலையான சிவப்பு மழை, மின்னும் சிவப்பு பனி. நான்கே நிலை, அதற்கு நான்கு வரிப் பாட்டு. ஊருக்கே மனப்பாடம். ஸ்காட்லாந்தின் வடக்கு யூயிஸ்ட் தீவில் பெக்கா நீத்தூவிர்தாவும் தீமோ ஆஹோவும் வீட்டுச் சுவர்களின் குறுக்கே ஓடவிட்ட வெள்ளை ஒளிக்கோடு இன்னும் எளிது: கடல் ஏறினால் தண்ணீர் எதுவரை வரும் என்பதைச் சுவரிலேயே காட்டியது. பக்கத்தில் நின்று விளக்கிச்சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

நம் தூணுக்கு எடுத்துக்கொள்ளும் எண்: ஜூலை 1 முதல் இன்றுவரை பெய்த மொத்த மழை. ஜூலை இங்கே வறண்ட பருவத்தின் நடு; தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் புயல் ஆண்டுக் கணக்கும் அன்றுதான் தொடங்குகிறது. தூண் அன்று இருண்டு கிடக்கும், தீபாவளிக்குக் கொஞ்சம் ஏறியிருக்கும், ஜனவரி முதல் மார்ச் வரை எகிறும்.

மொத்த மழை மட்டும் காட்டினால் அது வானிலைதான், காலநிலை ஆகாது. காலநிலை என்று சொல்ல ஒப்பிட ஒன்று வேண்டும். அதற்காகத் தூணில் இரண்டாவதாக ஒரு குறி: 1991–2020 ஆகிய 30 ஆண்டுகளில் இதே தேதிவரை வழக்கமாக எவ்வளவு பெய்திருந்தது என்பது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சராசரியை எடுத்தால், ஓரிரு பெரும்புயல் ஆண்டுகள் அதை மேலே தூக்கிவிடும். சாதாரண ஆண்டுகளில் தூண் பெரும்பாலும் குறிக்குக் கீழேயே நிற்கும், ‘மழை குறைந்துவிட்டது’ என்று ஊர் பேசத் தொடங்கும். ஆகவே சராசரியை விட்டுவிட்டு இடைநிலையை எடுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் 30 ஆண்டுகளின் திரள்மழையை ஏறுவரிசையில் அடுக்கி, 15-ஆவதற்கும் 16-ஆவதற்கும் நடுவில் உள்ள மதிப்பு. ஒருமுறை கணக்கிட்டு 365 வரி கொண்ட கோப்பாக வைத்துவிட்டால் பிறகு தொடவேண்டியதில்லை. லீப் ஆண்டின் பிப்ரவரி 29-க்கு 28-இன் மதிப்பையே கொடுங்கள்.

மேற்குக் கரைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேன்-போல் பக்கம் கடலோரத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வதே சில இடங்களில் அரை மீட்டர்தான். கிழக்கே சேன்த்-ரோஸ் மலைச்சரிவில் அது 10 மீட்டரைத் தாண்டும். மேற்கில் தூணின் பத்தில் ஒரு பங்குதான் எரியும். அதற்காக அளவுகோலை மாற்றாதீர்கள். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என இரு சங்கங்கள் ஒரே அளவுகோலில் வைத்தால் அந்த வேறுபாடே காட்சி. மலைச்சரிவில் வைக்கிறவர்களுக்கு மட்டும் 1:2 அல்லது 1:3 தேவைப்படும். அப்போது அதைக் கம்பத்திலேயே பெரிதாக எழுதிவிட வேண்டும்.

நீலம் வேண்டாம்

மழை என்றதும் கை நீலத்துக்குத்தான் போகும். இந்தத் தீவில் அது தவறு. பாரோ பெட்ரல் என்ற கடற்பறவை உலகில் ரெயூனியனில் மட்டுமே கூடுகட்டுகிறது, அதுவும் உயர்ந்த மலைமுகடுகளில். குஞ்சுகள் ஏப்ரல் வாக்கில் இரவில் கூட்டைவிட்டு முதன்முறையாகக் கடலை நோக்கிப் பறக்கும்போது கரையோர விளக்குகளால் திசைமாறித் தரையில் விழுகின்றன. தரையிலிருந்து அவற்றால் எளிதில் எழும்ப முடியாது. நாய், பூனை, வண்டிக்கு இரையாகின்றன. ‘விளக்கில்லா இரவுகள்’ இயக்கத்தில் நகராட்சிகள் தெருவிளக்குகளை அணைப்பது இதற்காகத்தான். மேற்குக் கடற்கரையில் முட்டையிட வரும் ஆமைகளுக்கும் ஒளி இடைஞ்சல். நீலமும் நீலம் கலந்த வெள்ளையும் பறவைக்கும் பூச்சிக்கும் மிகுதியாகத் தொல்லை தருபவை. காலநிலைக்காக விளக்கு வைத்து, அந்த விளக்காலேயே பறவையை வீழ்த்துவது கேலிக்கூத்து.

ஆகவே நிறம் ஆரஞ்சை ஒட்டிய ஆம்பர். சிவப்பு 255, பச்சை 90, நீலம் 0. குறிக்கு வேறு நிறம் தேவையில்லை: மழை குறிக்குக் கீழே இருந்தால், மேலே இருளில் 10 செ.மீ. ஒளித்துண்டு தனியாக நிற்கும். மழை குறியைத் தாண்டிவிட்டால், எரியும் தூணின் நடுவே 10 செ.மீ. இருள் இடைவெளி விழும். இரண்டும் ஒட்டி வந்தால் வழக்கமான ஆண்டு என்று பொருள். நிறக்குருடு உள்ளவருக்கும் இது புரியும்.

1:1 கணக்கில் ஒரு மீட்டருக்கு 60 எல்.இ.டி. என்றால் ஒன்றுக்கு 16.67 மி.மீ. மழை. 10 செ.மீ. குறிக்கு 6 எல்.இ.டி. இதைவிடச் சிறிதாக வைத்தால் பால்நிற மூடி ஒளியைப் பரப்பிவிடும், 50 மீட்டர் தூரத்தில் இடைவெளி தெரியாது.

இடமும் அனுமதியும்

தூண் கடலைப் பார்க்கக் கூடாது. மலைப்பக்கம் பார்த்த சுவர், மேலே கூரைநீட்டம், எதிரே சாலைச் சந்திப்பு இல்லாத இடம் நல்லது. கோபுரத்தில் வைக்காதீர்கள், அங்கே ஏற்கெனவே பார்க்க நிறைய இருக்கிறது, தரவு தொலைந்துவிடும். மண்டபத்தின் வெற்றுப் பக்கச்சுவரே நல்லது.

தனியாக நடும் கம்பத்தைவிடச் சுவரில் பொருத்துவதையே பரிந்துரைக்கிறோம். 5 மீட்டர்த் தனிக்கம்பத்துக்குப் புயற்காற்றைத் தாங்கும் அடித்தளம், பொறியாளர் கணக்கு எல்லாம் வேண்டும். சுவருக்கு ஆறு பிடிகள் போதும்.

சொந்தச் சுவரானாலும் முகப்பை மாற்றுவதற்கு மெரியில் (நகராட்சி அலுவலகத்தில்) முன்னறிவிப்பு தேவைப்படலாம், போய்க் கேளுங்கள். பொதுவழிக்குமேல் நீட்டினால் தற்காலிக ஆக்கிரமிப்பு அனுமதி வேண்டும். கரையோரத்தின் ‘சேங்காந்த் பா’ (ஐம்பது காலடி) நிலப்பட்டைக்குள் வந்தால் அதற்குத் தனி விதிகள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் மரபுச்சின்னங்களுக்கான அரசுக் கட்டடக் கலைஞரின் கருத்தும் கேட்கப்படும். ஒளித்தொல்லை பற்றிய 2018 டிசம்பர் 27 ஆணையையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். மெரியில் அதைப் படித்தவர்களாகப் போய் உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். எப்போது எரியும், எப்போது அணையும் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: பொழுது சாய்ந்ததும் ஏற்றம், இரவு 10 மணிக்கு அணைப்பு, பறவைக் காலத்தில் முழு இருள். பிரான்சின் 1901 சங்கச் சட்டப்படி பதிந்த சங்கம் என்றால் பொறுப்புக் காப்பீடு ஏற்கெனவே இருக்கலாம். அது வெளிச்சுவர்ப் பொருளையும் உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

வாங்க வேண்டியவை

ஒவ்வொரு எல்.இ.டி.யையும் தனித்தனியே இயக்கக்கூடிய டபிள்யு.எஸ்.2815 வகை 12 வோல்ட் பட்டை, மீட்டருக்கு 60, சிலிக்கோன் உறையில், ஐ.பி.67 நீர்புகாத் தரம்: இரண்டு சுருள். ஒன்று கம்பத்துக்கு, ஒன்று இருப்புக்கு. ஒரே தொகுதியிலிருந்து வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து வாங்கினால் ஆம்பர் வேறு ஆம்பராக இருக்கும். தீவுக்கு வரும் பொருளுக்கு ஒக்த்ருவா தெ மேர் வரியும் கப்பல் காத்திருப்பும் உண்டு, ஒரு சால்டர் கம்பிக்காக மூன்று வாரம் நிற்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வரவழையுங்கள்.

5 வோல்ட் பட்டை மலிவு, ஆனால் 5 மீட்டரில் மின்னழுத்தம் விழுந்து உச்சி சிவந்துவிடும். 2815-க்கு இன்னொரு அனுகூலம், இரட்டைத் தரவுக்கம்பி. ஒரு எல்.இ.டி. செத்தால் அதற்கு மேலுள்ளவை இருளாவதில்லை. அளவுகோலாக நிற்கும் தூணில் இது முக்கியம்: நடுவில் ஒன்று செத்து மேல்பாதி அணைந்தால் ‘மழை குறைவு’ என்று தூண் பொய் சொல்லும்.

வைஃபை உள்ள இ.எஸ்.பி.32 கட்டுப்பாட்டுப் பலகை இரண்டு. பட்டையை இயக்க அதில் டபிள்யு.எல்.இ.டி. என்ற இலவச மென்பொருள் ஏற்ற வேண்டும். 74ஏ.ஹெச்.சி.டி.125 மின்னழுத்த மாற்றுச் சில்லு ஒன்று, 330 ஓம் மின்தடை ஒன்று, 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் மின்தேக்கி ஒன்று, 12-இலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும் சிறு மாற்றி ஒன்று. மீன் வெல் ஹெச்.எல்.ஜி-150ஹெச்-12 போன்ற, மூடிய உலோக உறையில் வரும் 150 வாட் பவர் சப்ளை. 10 ஆம்பியர் ஃபியூஸ். வெள்ளீயம் பூசிய 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 15 மீட்டர். வெறும் செம்பு உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே கறுத்து அரித்துப்போகும். பால்நிற மூடியுடன் 2.5 மீட்டர் அலுமினியக் குழிச்சட்டம் இரண்டு. ஏ4 தர எஃகுத் திருகுகள், நைலான் வளையங்கள். வளையத்தை விட்டுவிடாதீர்கள், எஃகும் அலுமினியமும் உப்புநீரில் நேராகத் தொட்டால் அலுமினியம் வெண்பொடியாகக் கரையும். கட்டடத்தின் உள்ளே வைக்க ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யு என்ற சிறு கணினி ஒன்று, மின்வெட்டில் அதை ஓட்ட ஒரு மின்கலம்.

மின்கணக்கு: 300 எல்.இ.டி., ஒன்றுக்கு அதிகபட்சம் சுமார் 15 மில்லியாம்பியர் என்றால் 4.5 ஆம்பியர், 54 வாட். சில விற்பனையாளர்கள் மீட்டருக்கு 18 வாட் என்று போடுகிறார்கள். அப்படியே எடுத்தாலும் 90 வாட்தான். 150 வாட் பவர் சப்ளை நிதானமாக ஓடும், சூடேறாது, நெடுநாள் வரும். உண்மையில் ஆம்பரில், 30 விழுக்காடு ஒளியில், இதில் சிறுபகுதியே செலவாகும்.

கம்பியிணைப்பு

தரையில் விரித்து, எல்லாம் எரிவதைப் பார்த்தபிறகே சுவருக்குப் போங்கள்.

பட்டையின் அடிமுனையிலும் உச்சியிலும் 12 வோல்ட் கொடுக்க வேண்டும். பவர் சப்ளையிலிருந்து தனித்தனி ஜோடிக் கம்பி. அடிமுனையில் மின்தேக்கி. இ.எஸ்.பி.32-இன் தரவுக்கால் 3.3 வோல்ட் தருகிறது. பட்டை எதிர்பார்ப்பது 5 வோல்ட்டுக்கு அருகில். மாற்றுச் சில்லு இல்லாமலும் மேசையில் எரியும், சுவரில் போனபின் மழையிரவில் பைத்தியம்போல் மின்னும். சில்லுக்கும் பட்டைக்கும் நடுவே 330 ஓம். இந்தத் தூரம் 1 மீட்டருக்குள் இருக்கட்டும். முதல் எல்.இ.டி.யின் இரண்டாம் தரவுக்கம்பியை கிரவுண்டோடு இணையுங்கள். அதை அந்தரத்தில் விட்டால் அது ஏரியல்போல் இரைச்சலை வாங்கும். பவர் சப்ளையின் கிரவுண்டும் இ.எஸ்.பி.32-இன் கிரவுண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். புதியவர்கள் ‘வேலை செய்யவில்லை’ என்று கொண்டுவருவதில் பெரும்பாலும் இந்த ஒரு கம்பிதான் இல்லை.

5 மீட்டர்ப் பட்டை என்பது அரை மீட்டர்த் துண்டுகளைச் சால்டர் செய்து ஒட்டியது. காற்றில் ஆடினால் அந்த ஒட்டுகள்தான் முதலில் விடும். சட்டத்துக்குள் ஒட்டுக்கு இருபுறமும் சிலிக்கோன் பசை வைத்துப் பட்டை அசையாமல் பிடிக்கச் செய்யுங்கள். அமிலநெடி அடிக்கும் குளியலறைச் சிலிக்கோன் வேண்டாம், செம்பை அரிக்கும். நடுநிலைச் சிலிக்கோன் என்று கேட்டு வாங்குங்கள்.

கட்டுப்பாட்டுப் பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோகப் பெட்டி வைஃபையை அடைத்துவிடும். கம்பிகள் எல்லாம் பெட்டியின் அடியிலிருந்து நுழையட்டும். பெட்டியின் அடியில் 5 மி.மீ. துளை ஒன்று, சட்டத்தின் அடிமுனையில் இன்னொன்று. எவ்வளவு அடைத்தாலும் நீர் உள்ளே வரும், ஆகவே வெளியேற வழி வேண்டும். துளைக்கு மெல்லிய எஃகு வலை போடுங்கள், இல்லையென்றால் பல்லி முட்டையிட்டுக் குடித்தனம் நடத்தும். 230 வோல்ட் பக்கம் 30 மில்லியாம்பியர் கசிவுப் பாதுகாப்பும் மின்னல் தாவல் தடுப்பியும் எலக்ட்ரீஷியன் வேலை. அவர் கையெழுத்தில்லாமல் செருகாதீர்கள்.

தூணின் பூஜ்யம் தரையிலிருந்து 30 செ.மீ. மேலே இருக்கட்டும். தெருவெள்ளமும் பிள்ளைகளின் பந்தும் அதற்குக் கீழேதான். பூஜ்யத்தில் சுவரில் தடித்த வெள்ளைக்கோடு வரையுங்கள். அங்கிருந்து அளந்து மூன்று உலோகத் தகடுகள் பொருத்துங்கள்: 1,825-இல் ஃபொக்-ஃபொக் 1966, 3,930-இல் கொமெர்சோன் மூன்று நாள், 4,936-இல் கொமெர்சோன் நான்கு நாள். இவை முறையே 110, 236, 297-ஆம் எல்.இ.டி. அருகில் வரும். சுருளின் நீளம் சில மி.மீ. முன்பின் இருக்கும், எல்.இ.டி. எண்ணை நம்பித் தகடு அடிக்காமல், அளவுநாடாவை நம்புங்கள்.

தரவு வரும் வழி

பிரான்சின் வானிலை நிறுவனமான மெத்தியோ-பிரான்ஸ் 2024 ஜனவரியிலிருந்து தன் பொதுத்தரவை இலவசமாகத் திறந்துவிட்டது. கணக்கு ஒன்று திறந்து அடையாளச்சாவி வாங்கினால் அருகிலுள்ள நிலையத்தின் மணிநேர மழையை நிரலால் எடுக்கலாம். பழைய தினமழையும் பதிவிறக்கக் கிடைக்கும்; இடைநிலைக் கோப்புக்கு அதுதான் மூலம். இரண்டும் ஒரே நிலையத்தினுடையதாக இருக்க வேண்டும். பத்துக் கிலோமீட்டரில் மழை இரட்டிக்கும் தீவு இது. ஒரு நிலையத்தின் இன்றைய மழையை வேறு நிலையத்தின் பழைய மழையோடு ஒப்பிட்டால் தூண் காட்டுவது மலையின் உயரத்தை, காலநிலையை அன்று. 30 ஆண்டுப் பதிவு முழுதாக உள்ள நிலையம் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் அதையே எடுத்து, அதன் பெயரைக் கம்பத்தில் எழுதுங்கள்.

சொந்த மழைமானி வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். துணைக்கு வைக்கலாம். வழக்கமானது கவிழ்கல மானி: 0.2 மி.மீ. மழை சேரும்போதெல்லாம் உள்ளிருக்கும் சிறு கலம் ஒருமுறை கவிழும், கவிழ்ப்பை எண்ணினால் மழை. 20 செ.மீ. விட்டமுள்ள வாய் என்றால் 0.2 மி.மீ. மழைக்கு 6.28 மில்லிலிட்டர், ஒரு லிட்டர் நீருக்கு 159 கவிழ்ப்பு. துளித்துளியாக ஒரு மணி நேரம் ஊற்றி எண்ணுங்கள். 155-க்குக் கீழே வந்தால் திருகைச் சரிசெய்யுங்கள். சுவர், மரம் போன்ற தடையின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். ஆனால் புயல்மழையில் கவிழ்கலம் கவிழும் நேரத்துக்குள் விழும் நீரை எண்ணாது, காற்று துளிகளை வாய்க்குமேல் அடித்துக்கொண்டுபோகும். நமக்கு மிகவும் தேவைப்படும் இரவில்தான் அது குறைத்துச் சொல்லும். ஆகவே அதிகாரபூர்வ நிலையத்தின் தரவே முதன்மை.

ராஸ்பெரி பை மணிக்கொருமுறை தரவை எடுத்து, தன் கோப்பில் சேர்த்து, தூணுக்கு அனுப்பும். கவனிக்க வேண்டியவை: நேரம் உலகப்பொது நேரத்தில் வரும், ரெயூனியன் அதற்கு 4 மணி முந்தியது, ஜூலை 1 நள்ளிரவு என்பது அங்கே ஜூன் 30 இரவு 8 மணி. தரவு இல்லாத மணியும் மழை இல்லாத மணியும் ஒன்றல்ல. வெற்றிடத்தைப் பூஜ்யமாகப் படித்தால் புயலன்று நிலையம் செயலிழந்த நேரமெல்லாம் வெயில்நாளாகிவிடும். விட்டுப்போன மணிகளைத் தனிப்பட்டியலில் வைத்துப் பிறகு மீண்டும் கேளுங்கள். மெத்தியோ-பிரான்ஸ் பின்னால் திருத்தும் மதிப்புகளும் உண்டு. வாரம் ஒருமுறை முந்தைய 30 நாளை முழுதாக மறுபடி எடுத்துவிடுவது நல்லது.

தூணுக்கு அனுப்புவது டபிள்யு.எல்.இ.டி.யின் ஜேசன் (JSON) முகவரிக்கு ஒரே செய்தி. மொத்த மழையை 16.67-ஆல் வகுத்து முழு எண்ணை எடுங்கள். 900 மி.மீ. என்றால் 53.99, 53 முழுதாக எரியும், 54-ஆவது மீதிப் பின்னத்துக்கேற்ற ஒளியில் எரியும். துண்டுகளாக அனுப்புங்கள்: நிரப்பு, நுனி, குறி. ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி நிறம் அனுப்பும் முறையும் இருக்கிறது, 300-க்கு அது கனமாகித் திணறும். துண்டின் முடிவெண் துண்டில் சேராது என்பதை நினைவில் வையுங்கள். 0 முதல் 53 என்று அனுப்பினால் எரிவது 53 எல்.இ.டி. ஜூலையில் மொத்தம் பூஜ்யமாக இருக்கும்போது தொடக்கமும் முடிவும் ஒன்றானால் மென்பொருள் அந்தத் துண்டையே அழித்துவிடும். அப்போது துண்டை ‘அணை’ என்று அனுப்புங்கள். நிறம், ஒளி, எல்லையை ஒவ்வொரு செய்தியிலும் முழுதாகச் சேர்த்தே அனுப்புங்கள். பிளாஷ் நினைவகத்தில் மணிக்கொருமுறை சேமிக்க வேண்டாம், தேய்ந்துபோகும்.

இன்னொரு பொறி: மின்வெட்டுக்குப்பின் டபிள்யு.எல்.இ.டி. விழித்தெழும்போது தன் வழக்கப்படி முழுப்பட்டையையும் ஆரஞ்சில் ஏற்றும். நம் நிறமும் அதுதான். சாலையில் போகிறவர் 5 மீட்டர் மழை பெய்துவிட்டதாகப் படிப்பார். அமைப்புகளில் ‘மின்சாரம் வந்ததும் எரியவிடு’ என்பதை எடுத்துவிடுங்கள். மின்னோட்ட வரம்பை 4000 மில்லியாம்பியரில் பூட்டுங்கள். வைஃபை முகவரியை நிலையாக்குங்கள்.

தரவு 6 மணி நேரத்துக்குமேல் பழையதானால் தூண் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்: நிரப்பு பாதி ஒளிக்கு இறங்கி, அடியில் முதல் இரண்டு எல்.இ.டி. மட்டும் மெதுவாக மூச்சுவிடட்டும். பழைய எண்ணைப் புதிய எண்போல் பளிச்சென்று காட்டுவதைவிட இது மேல்.

ஒளியின் அளவு

இரவில் 50 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். டபிள்யு.எல்.இ.டி.யின் 255 அளவில் 60 முதல் 80 போதுமானது. குறியின் இடைவெளி தெரியவில்லை என்றால் கூட்டாதீர்கள், குறையுங்கள்; மிகையொளியில் இடைவெளி நிரம்பிவிடும். எதிர்வீட்டுக்காரரின் படுக்கையறையிலிருந்தும் ஒருமுறை பாருங்கள், அவரைக் கேட்டுவிட்டு.

புயல் வரும்போது

சட்டத்தை இரண்டு 2.5 மீட்டர்ப் பகுதிகளாக, கையால் திருகும் பிடிகளில் மாட்டுங்கள். நடுவே நீர்புகா இணைப்பி. இருவர் ஏணியோடு 20 நிமிடத்தில் இறக்கும்படி இருக்க வேண்டும், ஒத்திகை பாருங்கள். மஞ்சள் முன்னெச்சரிக்கை வந்ததுமே இறக்குங்கள். ஆரஞ்சில் எல்லோருக்கும் வீட்டுவேலை இருக்கும், காற்றும் எழுந்திருக்கும். சிவப்பில், அல்லது 2024 ஜனவரியில் பெலால் புயலுக்கு அறிவித்ததுபோல் ஊதாவில், வெளியே போகவே கூடாது. பட்டைக்காக யாரும் ஏணி ஏற வேண்டாம்.

மழை உச்சத்தில் இருக்கும்போது தூண் இருக்காதே என்றால், இருக்காதுதான். ராஸ்பெரி பை உள்ளே மின்கலத்தில் ஓடி, கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும். இணையம் திரும்பியதும் விட்டுப்போன மணிகளைக் கேட்டு வாங்கும். மீண்டும் மாட்டி ஏற்றும்போது ஒரே தாவலில் ஒரு மீட்டரோ அதற்குமேலோ உயர்ந்திருக்கலாம். அந்த இரவுக்குத்தான் ஆள் வருவார்கள். பக்கத்தில் பேசத் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். ஒரு புயலைக் காட்டி ‘இது காலநிலை மாற்றம்’ என்று சொல்லிவிட வேண்டாம். சொல்லக்கூடியது: வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும், அதனால் பெருமழை இன்னும் பெருக வாய்ப்புண்டு. தூண் காட்டுவது இந்த ஆண்டு வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை.

விளக்கப் பலகை கண்மட்டத்தில், தமிழிலும் பிரெஞ்சிலும் கிரியோலிலும். மாலைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம் எழுதச்சொன்னால் வாக்கியம் சுருக்கமாக வரும். ஐந்து வரி போதும்: ஒளியின் உயரம் ஜூலை 1 முதல் பெய்த மழை, அளவு 1:1, தனித்துண்டு அல்லது இடைவெளி வழக்கமான அளவு, மங்கினால் தரவு வரவில்லை, நிலையத்தின் பெயர்.

தீபாவளியன்று சேன்-ஆந்த்ரேக்கு ஊர்வலம் பார்க்கத் திரளும் கூட்டத்துக்குப் பழைய பருவமொன்றை ஓட்டிக் காட்டலாம்: 2006 ஜூலை முதல் 2007 ஜூன் வரை, ஒரு நாளுக்கு அரை நொடி, மூன்று நிமிடம். அந்த நேரம் முழுவதும் ‘பழைய பதிவு’ என்ற பலகையைத் தொங்கவிடுங்கள்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை நன்னீரால் உப்பைக் கழுவுங்கள், வடிதுளையில் குச்சி விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணைப்பியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஆண்டுக்கொருமுறை, ஜூன் கடைசியில், பட்டை முழுவதையும் ஏற்றிச் செத்த எல்.இ.டி.க்களை எண்ணுங்கள், பத்தைத் தாண்டினால் இருப்புச் சுருளை மாட்டுங்கள். சிலிக்கோன் உறை மஞ்சளித்தால் அது பெரும்பாலும் சிலிக்கோனே அல்ல, விற்றவர் பாலியூரித்தேன் போன்ற ஒன்றைக் கொடுத்திருப்பார்.

ஏப்ரல் இருளை நாட்காட்டியில் கையால் எழுதி நம்பாதீர்கள், ராஸ்பெரி பையின் நிரலிலேயே தேதியாகப் போட்டுவிடுங்கள். தேதிகள் ஆண்டுக்காண்டு நகரும். நகராட்சி அறிவித்ததும் மாற்றுங்கள். அந்த நாட்களில் பலகைக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். விழுந்த பறவை கண்ணில் பட்டால் துணியால் மெல்லப் போர்த்தி எடுத்து, காற்றுத்துளை போட்ட பெட்டியில் வைத்து, தண்ணீரோ தீனியோ கொடுக்காமல், செயோர் பறவையியல் சங்கத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். காற்றில் தூக்கிப் பறக்கவிட முயல வேண்டாம்.